சாமைச்சோறு தின்ற வெளிச்சம்

கொல்லிமலையில் பைல் நாட்டுப் பாவாயியின் மேல் விழுந்த ஸ்டுடியோ வெளிச்சம், படம் எடுத்து முடிந்து சுவிட்சைத் தட்டிய பிறகும் அணையாமல், அவள் பின்னாலேயே கிளம்பி அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த வாரம் சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசி மலிந்து கிடந்தது, மிளகு சற்று ஏறியிருந்தது, பலா முடிகிற சமயம். எதிரே வருகிற ஆளின் முகம் தெரியாத மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பாவாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் இடக் கன்னம் பளிச்சென்று, கல்யாண ஆல்பத்தில் நிற்கிற மாதிரி நின்றாள். கண்டக்டர் சின்னராசு அவள் தலைக்கு மேலே பார்த்தார், காலுக்குக் கீழே பார்த்தார், லக்கேஜ் போடலாமா என்று யோசித்தார், கடைசியில் விசிலை ஊதிவிட்டார். கண்ணில் படாத சாமானுக்கு டிக்கெட் கிழிக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

வெளிச்சத்தைப் பறிகொடுத்தவள் மேகலா. அடிவாரத்தில் காரவள்ளிப் பக்கத்துப் பெண். கோயமுத்தூரில் துணிக்கடை விளம்பரங்களுக்குப் படம் எடுக்கிற ஒரு பெரிய ஸ்டுடியோவில் இளவயது முழுக்கத் தெர்மாகோல் பிடித்தவள். அதாவது, வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை மாடல் பெண்ணின் மோவாய்க்குப் பக்கத்தில் ஏந்திக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, கழுத்தடியில் கிடக்கும் நிழலைத் துடைத்துவிடும். அங்கே அவளுக்குப் பெயரே அதுதான். "ஏ தெர்மாகோல், இன்னும் கிட்ட வா" என்பார்கள். முதலாளி மகள் கல்யாணப் பத்திரிகையின் உறை மேல்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. பத்திரிகையை வாங்கிய அன்றைக்கே அவள் வேலையை விட்டாள். மலையேறி வந்து, சோளக்காட்டில் ஒரு பழைய உரக்கிடங்கை வாடகைக்குப் பிடித்துச் சுவரெல்லாம் வெள்ளையடித்து, மேகலா ஸ்டுடியோ என்று போர்டு மாட்டினாள்.

வாசலூர்பட்டி ஏரியில் படகில் உட்கார வைத்துப் புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் படம் எடுத்தாலே கை நிறைய வேலை இருக்குமே, எதற்கு இருட்டுக் கிடங்கில் கிடந்து சாக வேண்டும் என்று கேட்காதவர்கள் இல்லை. வெயில் எல்லோருக்கும் பொதுங்க, அதில் எனக்கு என்ன பெருமை என்பாள் மேகலா. தான் ஏற்றிய வெளிச்சத்தில், தான் வைத்த இடத்தில் நிழல் விழ வேண்டும். அதற்காகவே மூடிப்போன ஒரு சினிமாக் கம்பெனியிலிருந்து ஒரு பழைய விளக்கை வாங்கி வந்திருந்தாள். தவலை பெருசு தலை, இரும்புக் கால், தூக்க நான்கு ஆள் வேண்டும். எத்தனையோ கதாநாயகிகளின் மூக்குத்தியை மின்ன வைத்த விளக்கு அது. எரிய ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கு வேர்க்கும். கொல்லிமலைக் குளிருக்கு அதுவும் சௌகரியமாகத்தான் இருந்தது.

சேலத்தில் ஒரு பெரிய பட்டுக்கடையின் மேனேஜர் சந்தோஷ்குமார். தீபாவளிக்கு அச்சடிக்கிற சேலைப் புத்தகத்துக்குப் படம் வேண்டும், கீழே சூட்டில் மாடல்களின் மேக்கப் வழிகிறது, மலையில் வழியாதே என்று மேகலாவைத் தேடி வந்தவர். படம் மனசுக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை தருகிறோம் என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். ஆனால் அந்தப் பழம் லேசில் விழவில்லை. எதைக் காட்டினாலும் "வேற மாதிரி வேணும் மேகலா" என்பார். வேற மாதிரி என்றால் எந்த மாதிரி என்று அவருக்கும் தெரியாது. மேகலா விளக்குக்கு முன்னால் கொசுவலையை இரண்டாக மடித்துக் கட்டிப் பார்த்தாள். வெளிச்சம் மெத்தென்று ஆனது, சரிகை தூங்கிவிட்டது. வலையை எடுத்துவிட்டு அப்பாவின் வேட்டியைக் கட்டினாள். கரை நிழல் மாடலின் நெற்றியில் பட்டை போட்டது. சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பித் தைத்து வெள்ளிப் பாய் மாதிரி விரித்தாள். கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் போடுகிறவரிடம் நீலத்தாளும் மஞ்சத்தாளும் வாங்கி ஒட்டினாள். மிளகுக்கொடியைப் பின்னால் தொங்கவிட்டாள், அன்னாசியை அடுக்கினாள், அதைப் பிரித்துவிட்டு ஊஞ்சல் கட்டினாள். கடைசியாக, குழந்தை அளவுக்குப் பெரிய ஒரு முழுப் பலாப்பழத்தை மாடலின் மடியில் வைக்கலாம் என்று தோன்றியது.

அந்தப் பலாவைக் கொண்டுவந்தவள்தான் பாவாயி. மரவள்ளியும் சாமையும் போடுகிற குடும்பம், நாற்பத்தைந்து வயது, புருஷன் காளியண்ணன். பழத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மாடலாக வந்த அருணா எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்ததில் குடல் புரண்டு, பச்சைச் சேலைக்குப் பொருத்தமான பச்சை முகத்தோடு சுவரோரமாகப் படுத்துவிட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் விளக்கையாவது சரிபண்ணுவோம் என்று மேகலா பாவாயியைக் கெஞ்சி முக்காலியில் உட்கார வைத்து, அவளுடைய நைந்த நூல்சேலையின் தோள் மேலேயே பட்டைப் போர்த்தி, மடியில் பலாவை வைத்தாள். காலையிலிருந்து மத்தியானம் வரை விளக்கை ஏற்றினாள், இறக்கினாள், சாய்த்தாள். பாவாயி அசையவே இல்லை. நாள் முழுக்கக் குனிந்து களை எடுக்கிறவளுக்கு உட்கார்ந்திருக்கக் கூலி கொடுத்தால் கசக்குமா? வெளிச்சம் இடப்புறம் சற்று மேலிருந்து இறங்கி, ஓரத்தில் நூல் பிரிகிற மாதிரி மெல்லக் கரைந்தபோது, மேகலாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரே ஒரு படம் எடுத்து, சும்மா டெஸ்ட் என்று எழுதிச் சந்தோஷ்குமாருக்கு அனுப்பினாள்.

பதில் வருவதற்குள் பாவாயிக்குப் பசி வந்தது. தூக்குப்போசியைத் திறந்தாள், சாமைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரே ஓர் உயிர் இருக்க, அதைக் கூப்பிடாமல் வாயில் சோறு வைக்க மாட்டார்கள். அருணாவைக் கூப்பிட்டாள், சோறு என்ற சொல்லைக் கேட்டதும் அவள் மறுபடி வெளியே ஓடினாள். மேகலாவைக் கூப்பிட்டாள், போனைப் பார்த்துக்கொண்டே வேண்டாமென்று கையை ஆட்டினாள். மிச்சம் இருந்தது, காலையிலிருந்து முகத்துக்கு நேரே நின்று உடம்புக்குச் சூடு கொடுத்த விளக்கு ஒன்றுதான். "ஏனுங்க, நீங்களாச்சும் ரெண்டு வாய் சாப்புடுங்க" என்று சொல்லி, பலா இலையில் ஒரு கவளம் வைத்து அதன் இரும்புக்காலடியில் வைத்தாள். சினிமாக் கம்பெனியில் அத்தனை வருஷம் நின்ற விளக்கு அது. அதற்குக் கீழே எத்தனை பேர் சாப்பிட்டிருப்பார்கள், ஒருத்தர், ஒரே ஒருத்தர், நீ சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. பாவாயி கைகழுவி வருவதற்குள் இலை வெறுமையாக இருந்தது. எறும்பாக இருக்கும் என்று மேகலா நினைத்தாள். உப்பைத் தின்றாகிவிட்டது, அப்புறம் எறும்பாவது ஒன்றாவது.

சாயங்காலம் பாவாயி போய்விட்டாள். சந்தோஷ்குமார் போனில் துள்ளினார். "இந்த லைட்டுதான் மேகலா! இதே லைட்டு வேணும். அந்தம்மா வேண்டாம்." மறுநாள் தெளிந்த முகத்தோடு அருணா உட்கார்ந்தாள். மேகலா சுவிட்சைப் போட்டாள். பல்பு செக்கச்செவேலென்று எரிந்தது, சூடு வந்தது, மீட்டர் ஓடியது, எல்லாம் சரி. வெளிச்சம் மட்டும் விழவில்லை. அருணா இருட்டில் உட்கார்ந்து, ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். வயரை மாற்றினார்கள், பல்பை மாற்றினார்கள். வாசலூர்பட்டியில் கல்யாணப் படம் எடுக்கிற பிரவீனிடமிருந்து புது எல்.ஈ.டி. விளக்கு கடன் வாங்கி எடுத்தாள். பட்டு, பாலித்தீன் பை மாதிரி வந்தது. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்துவிட்டதே என்று மேகலா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். படம் வராவிட்டால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். மூடினால் கோயமுத்தூர், மறுபடி தெர்மாகோல். அப்போதுதான் சின்னராசு டீ குடிக்க வந்தவர், உங்க வெளிச்சம் பைல் நாட்டில் இருக்குதுங்களே, தெரியாதா என்றார்.

பைல் நாட்டில் அதற்குள் எல்லோருக்கும் பழகியிருந்தது. பாவாயி எங்கே போனாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும், வெளிச்சம் அவளுக்கு இடப்புறம், சற்று மேலிருந்து. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்குவது நின்றுவிட்டது. புளி உடைக்கிற பெண்கள் அவள் இடப்பக்கம் இடம்பிடிக்கச் சண்டை போட்டார்கள். மின்வாரிய ஆள் ஒருவர் வந்து, கம்பத்தையும் பாவாயியையும் மாறிமாறிப் பார்த்து, வயர் இல்லாததால் தன் வேலை இல்லை என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். கஷ்டப்பட்டவர் காளியண்ணன்தான். தூக்கம் வரவில்லை என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு திரிந்தார். "விருந்தும் மருந்தும் மூணு நாளைக்குங்க" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து குழம்பில் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், அதை மட்டும் நிறுத்திவிட்டார். சொன்னதும் எதிரே இருப்பவள் முகம் எப்படிப் போகிறது என்பது அத்தனை தெளிவாகத் தெரிந்தால், ஒருவன் எத்தனை நாள்தான் சொல்வான்?

மேகலா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். பாவாயி வாசலில் மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். "வா கண்ணு. அவரு வந்தது உனக்குத் தெரியாதா? சொல்லாமயா வந்துட்டாரு?" என்றாள். எந்த அவரு என்று உள்ளிருந்து காளியண்ணன் கேட்டார்.

முதலில் மேகலா வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தாள். கறுப்புத் துணியை நான்கு மூங்கிலில் கட்டி நான்கு பேர் பாவாயியின் இடப்பக்கம் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். புறப்படுகிற இடம் என்று ஒன்று இருந்தால்தானே மறைக்க? துணிக்கு இந்தப் பக்கத்திலேயே விழுந்தது. பீரோக் கண்ணாடியைக் கழற்றி வந்து, அதில் வெளிச்சத்தைப் பிடித்து, கம்பளியால் மூடி பஸ்ஸில் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனாள். திறந்தால் கண்ணாடியில் மேகலாவின் முகம்தான் இருந்தது. நீலத்தாளைக் காட்டினாள். வெளிச்சம் அதற்கு மட்டும் கட்டுப்பட்டு நீலமானது, பாவாயி ஒருநாள் முழுக்க நீலமாக மாடு மேய்த்தாள், பசு அன்றைக்குப் பால் கொடுக்கவில்லை. பழைய சினிமா விளக்காயிற்றே, அந்தப் பவுசுக்கு மயங்கும் என்று, ஸ்டுடியோவிலிருந்து தங்க வண்ணம் பூசின ராஜா நாற்காலி, சுண்ணாம்புத் தூண், பிளாஸ்டிக் ரோஜா எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றி வந்து வாசலில் அரண்மனை போட்டாள். அதில் அருணாவைப் பட்டுடுத்தி உட்கார வைத்தாள். வெளிச்சம் அந்தப் பக்கம் ஓர் இழைகூட நகரவில்லை. அருணா எழுந்ததும் நாற்காலியில் கோழி ஏறிப் படுத்துக்கொண்டது.

சரி, விளக்கை நகர்த்த முடியாவிட்டால் ஆளை நகர்த்துவோம் என்று அருணாவைப் பாவாயியின் தோளோடு தோள் ஒட்ட உட்கார வைத்தாள். அப்போது அருணா மேலும் கொஞ்சம் விழுந்தது. பட்டு ஜொலித்தது. மேகலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாச் சேலையையும் அப்படியே எடுத்தாள். பக்கத்தில் பாவாயி கிழங்கு சீவுகிறாள், அவரை உரிக்கிறாள், கொட்டாவி விடுகிறாள். போகட்டும், கம்ப்யூட்டரில் வெட்டிவிட்டால் ஆயிற்று. ஸ்டுடியோவுக்கு வந்து வெட்டினாள். பாவாயி படத்தைவிட்டுப் போன மறுகணமே வெளிச்சமும் போய்விட்டது. திரையில் அருணா கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். வெட்டியதைத் திரும்ப ஒட்டினால் வெளிச்சம் வந்தது. மறுபடி வெட்டினாள், மறுபடி இருட்டு. வேறு வழியில்லாமல் பாவாயியோடு சேர்த்தே அனுப்பினாள். சந்தோஷ்குமார் கத்தினார். "பட்டுச்சேலைப் புத்தகத்துல கிழங்கு சீவுற அம்மா எதுக்கும்மா? வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தம்மா இல்லாம வரணும். இல்லீன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வியாழக்கிழமை மேகலா மறுபடி பைல் நாட்டுக்குப் போனாள். இந்த முறை துணியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. வாசலில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் சொன்னாள். கோயமுத்தூரைச் சொன்னாள், அங்கே தனக்கு என்ன பெயர் என்பதைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அக்கா, நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். போங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேக்கும்."

பாவாயி கத்தியைக் கீழே வைத்தாள். "ஊட்டுக்கு வந்து சோறு தின்னவிங்களைப் போன்னு சொல்றதுங்களா, சாமி? பிச்சைக்கு வந்தவனைக்கூட நாங்க போயிட்டு வாங்கன்னுதான் சொல்லுவம்."

"தெரியுதுங்க்கா. எனக்கு வேற வழி இல்லீங்க."

பைல் நாட்டில் அந்தச் சொல்லை விருந்தாளியிடம் யாரும் சொன்னதாகக் கேள்வி இல்லை. சொன்ன வீட்டில் அப்புறம் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். காளியண்ணனே, தூக்கமில்லாமல் கண் சிவந்து திரிந்த காளியண்ணனே, "அடேயப்பா, அதெல்லாம் வாயில வர்ற வார்த்தையா" என்று எழுந்து வந்துவிட்டார். பாவாயி மேகலாவைப் பார்த்தாள். பெற்ற பெண் மாதிரி ஒருத்தி வாசலில் கிடந்து அழுகிறாள். எழுந்தாள், முகத்தைக் கழுவினாள், முந்தானையை இழுத்துச் செருகினாள். வாசல் நடுவில் நின்று, இடப்பக்கம், சற்று மேலே நிமிர்ந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

உதடு துடித்தது. தாடை ஒருமுறை கோணிக்கொண்டது. கண்ணில் நீர் திரண்டு இமையில் நின்றது. கிளிசரின் ஊற்றி வரவழைத்த கண்ணீருக்கு எத்தனையோ நாள் தெர்மாகோல் பிடித்தவள் மேகலா. இந்த முகத்தை அவள் எந்த வெளிச்சத்திலும் பார்த்ததில்லை. ஒரு மனுஷி தன் வாயால் தன்னைக் கேவலப்படுத்திக்கொள்ளப் போகிறாள், அதுவும் மேகலாவுக்காக. மேகலா ஓடிப்போய்ப் பாவாயியின் வாயைக் கையால் பொத்தினாள்.

"வேண்டாங்க்கா. சொல்லாதீங்க. நான் தெர்மாகோலே புடிச்சுக்கறேன், விடுங்க."

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். நன்றாகச் சத்தம் போட்டே அழுதார்கள். அழுதாலும் படத்துல வர்றாப்பல இருக்குதுங்க என்று காளியண்ணன் சொல்லி, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு மேகலா அங்கேயே சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வெளிச்சம் பாவாயியின் பக்கத்திலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோவைக் காலிபண்ணுவதற்காக அட்டைப்பெட்டிகளோடு வந்து கதவைத் திறந்தாள். விளக்கின் வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தாள், ஜன்னல் அடைத்திருந்தது. உள்ளே முக்காலியின் மேல், இடப்பக்கம் சற்று மேலிருந்து, ஓரம் மெல்லக் கரைந்து, வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. முக்காலியில் யாரும் இல்லை. பாவாயி எங்காவது மறைந்து நிற்கிறாளா என்று மூலை முடுக்கெல்லாம் தேடினாள். போனை எடுத்து அவளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட இருக்குதுங்களா அது?"

"இல்லீயே கண்ணு. விடியக்காலமே வேலைக்குக் கெளம்பிட்டாரு. பொழுதோட வந்துருவாரு" என்றாள் பாவாயி. அவளுக்குக் கிழங்கு வேகிற அவசரம், போனை வைத்துவிட்டாள்.

மேகலா அட்டைப்பெட்டிகளைக் காலால் தள்ளிவிட்டு அருணாவை வரச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் எல்லாச் சேலையும் எடுத்து முடிந்தது. சந்தோஷ்குமார் படங்களைப் பார்த்து, அப்பவே இப்படி எடுத்திருக்கலாமில்ல என்று மட்டும் சொன்னார். புத்தகம் தீபாவளிக்கு வந்தது, வருஷ வேலையும் வந்தது. பைல் நாட்டில் யாரும் இதில் ஆச்சரியப்படவில்லை. போ என்று சொன்ன வீட்டிலிருந்து போகிறவன் போனவன்தான். சொல்லாத வீட்டிலிருந்து போகிறவனுக்குப் போகவும் வரவும் தடையில்லை, இது சின்னக் குழந்தைக்கும் தெரியும் என்றார்கள். இப்போது வெளிச்சம் தினமும் காலையில் ஸ்டுடியோவுக்கு வருகிறது. மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பி சாட்டினால் வராது. அன்றைக்குப் பைல் நாட்டில் அதற்குச் சோலி இருக்கும். மூங்கில், துணி, தாள் எதற்கும் மேகலா சொன்னபடி கேட்கிறது, இப்படி நில் என்றால் நிற்கிறது. பொழுது இறங்கினால் மட்டும், மணப்பெண் பாதிச் சிரிப்பில் இருந்தாலும் கிளம்பிவிடும். அதை யாரும் பிடித்து நிறுத்துவதில்லை.